முப்பத்தொரு மதிப்பெண்

பாலத்துக்கு மார்க் போடுவது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மார்க் போடுவதைப் போல லேசுப்பட்ட காரியம் இல்லை. பிள்ளை தேறாவிட்டால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளும். பாலம் தேறாவிட்டால் அதற்கு அடுத்த வருஷமே கிடையாது. நெடுஞ்சாலை அலுவலகத்தின் பாலப் பிரிவில் இந்த வேலையைப் பதினாறு வருஷமாகப் பார்த்துவந்தாள் அவள். ஆபீசில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மார்க் மேடம்' என்றால்தான் பியூனுக்கே தெரியும்.

கணக்கு என்னவோ எளிமையானதுதான். நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே போன பாலத்துக்கு நிதி கேட்டு மேலே எழுதலாம். முப்பதுக்குக் கீழே போய்விட்டால் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, அன்றைக்கே மூடியாக வேண்டும். மூடினால் என்ன ஆகும்? ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சனம் நாற்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும். வியாபாரிகள் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவார்கள். மந்திரி போன் போடுவார். பூனைக்கு மணி கட்டுவது யார்? அதனால் அந்த ஆபீசில் எந்தக் காலத்திலோ ஒரு பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. மோசமான பாலம் எதுவானாலும் முப்பத்தொன்று. நிதியும் கேட்கலாம், மூடவும் வேண்டாம். பாம்பும் சாகும், தடியும் உடையாது.

ஆற்றுப் பாலத்துக்கு அவள் போட்டதும் முப்பத்தொன்றுதான். ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம். அறுபது வயசான பாலம், ஆறு கண். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு பகுதிக்கும் கண் என்று பேர். முதல் வருஷம் அவளுடைய சொந்தக் கணக்கில் அதற்கு வந்தது இருபத்தெட்டு. பெரிய இன்ஜினீயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மூணு மார்க்ல என்னம்மா வந்துடப் போகுது? நிதி வந்ததும் புதுசே கட்டிடலாம்" என்றார். அவளும் சரியென்று தலையாட்டினாள். அதோடு நிற்காமல் புதுப் பாலத்துக்கு வரைபடமும் போட்டுவைத்தாள். நடைபாதை இரண்டு பக்கமும், அகலம் இரட்டிப்பு. அவள் வரைந்ததிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த வரைபடம் அது.

இந்த வருஷம் நிதி வாரியத்தின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கேட்டது பதினோரு பாலத்துக்கு, கிடைத்தது நான்குக்கு. ஆற்றுப் பாலம் பட்டியலின் கடைசியில் கிடந்தது. பக்கத்தில் காரணத்தையும் அச்சடித்திருந்தார்கள்: 'மூன்று ஆண்டுகளாக மதிப்பெண்ணில் சரிவு இல்லை. பாலம் நிலையாக உள்ளது. ஐந்தாண்டுகளுக்குப் பின் பரிசீலிக்கலாம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, "அடிப்பாவி" என்றாள் தன்னைத்தானே. வாரியத்தில் இருக்கிறவனுக்கு ஆறும் தெரியாது, பாலமும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு கோடு. முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று கோடு நேராகப் போனால் அவன் வேறென்ன நினைப்பான்? ஒழுங்காக வருஷா வருஷம் இறக்கிப் போட்டவர்களின் பாலத்துக்கெல்லாம் காசு போயிருந்தது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். அந்த வருஷம் மழை முன்னதாகப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தூணில் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, ஏணியில் இறங்கி, ஒவ்வொரு கண்ணாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்காவது கண்ணில் ஏணியிலேயே நின்றுவிட்டாள். உத்திரம் தூணின்மேல் உட்காருகிற இடத்தில் ஒரு ரப்பர் மெத்தை இருக்கும். அந்த மெத்தை வெளியே பிதுங்கி, உத்திரத்தின் முனை தூணின் விளிம்பில் நான்கு விரல் அளவுக்குத்தான் தொற்றிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு சாண் இருந்தது. கான்கிரீட் உதிர்ந்து, கம்பி துருவேறி, தொட்டால் தூளாக வந்தது. மேலே ஒரு பஸ் போனபோது அந்த முனை எழும்பி இறங்கியதை அவள் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

அந்த பஸ் யாருடையது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாலேகால் மணிக்கு அந்தப் பாலத்தில் போகிற டவுன் பஸ்ஸை ஓட்டுவது அவள் புருஷன். ஒரு நாளைக்கு எட்டு நடை, பன்னிரண்டு வருஷமாக.

கணக்குப் போட்டால் பதினான்கு வந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய இன்ஜினீயரிடம் போனாள். அவர் ரிட்டயராக இன்னும் நாலு மாதம் இருந்தது.

"பதினாலா?" என்று தாளைத் தள்ளி வைத்தார். "ஒரே வருஷத்துல பதினேழு மார்க் இறங்குச்சுன்னா சிஸ்டம் வாங்காதும்மா. விசாரணைக் குழுவுக்குப் போயிடும். அவங்க வர அடுத்த மாசம் இருபத்தி மூணாம் தேதி ஆகும்."

"அதுவரைக்கும், சார்?"

"அதுவரைக்கும் முப்பத்தொண்ணுதான்."

"சார், நாலு விரல்தான் உக்காந்திருக்கு. ஆத்துல தண்ணி வேற ஏறிக்கிட்டிருக்கு."

"போன வருஷமும் தண்ணி வந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விசாரணைன்னு வந்தா மூணு வருஷ ஃபைலையும் எடுப்பான். எல்லாத்துலயும் யார் கையெழுத்து இருக்கு? உங்க கையெழுத்து. உங்களுக்காகத்தான் சொல்றேன், ராத்திரி நல்லாத் தூங்கி எந்திரிங்க, காலைல பேசிக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தப் பூசணிக்காயை மூன்று வருஷமாகப் பரிமாறியதே தான்தான் என்கிற எண்ணமும் கூடவே வந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புருஷன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒரு மாசம் லீவு போடுங்களேன்."

"எதுக்கு? உங்க அம்மா வர்றாங்களா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சட்டையைக் கொக்கியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "என்ன விஷயம்?"

சொன்னாள். மெத்தை, நான்கு விரல், முப்பத்தொன்று, மூன்று வருஷம், ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவர் கையிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நான் லீவு போட்டா பஸ் நின்னுடுமா?" என்றார் கடைசியில். "நம்ம டிப்போவுல புதுசா ஒரு பையன் வந்திருக்கான், கல்யாணம் ஆகி மூணு மாசம். அவனைத்தான் அந்த ரூட்ல போடுவாங்க. அவன் பொண்டாட்டிகிட்ட யாரு வந்து லீவு போடச் சொல்லுவா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பஸ்ல ஏறுற அறுபது பேருக்கும் வீட்ல இன்ஜினீயர் இருக்காங்களா?" என்றார். திட்டுகிற குரல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நாளைக்கு ஆறேகாலுக்கு முதல் நடை. நான்தான் வருவேன். மூடணும்னா மூடிடு. எவன் என்ன சொன்னாலும் நான் உன் பக்கம்."

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் அவள் பாலத்தின் இந்தக் கரையில் நின்றாள். சாலைப் பணியாளர்கள் இரண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு தார் டிரம்மைக் குறுக்கே உருட்டி நிறுத்தி, சிவப்பு நாடாவைக் கட்டினார்கள். அந்தக் கரை வேறு கோட்டத்தின் பொறுப்பு. அங்கே இருக்கிற இன்ஜினீயருக்கு அவள் நாலு தடவை போன் போட்டாள். ஐந்தாவது தடவை எடுத்தவர், "ஆர்டர் இருந்தா அனுப்புங்க மேடம், வாயால சொன்னா நான் எப்படி மூடறது?" என்று வைத்துவிட்டார். இந்தப் பக்கம் அடைத்தாயிற்று, அந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. வந்ததை டிரம்மை ஓரமாக நகர்த்தி வெளியே விட்டார்கள். ஒவ்வொன்றும் நான்காவது கண்ணைத் தாண்டுகிற வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை.

ஆறரை மணிக்குள் இந்தக் கரையில் வண்டி வரிசை சாலை திரும்புகிற முனை வரைக்கும் நின்றுவிட்டது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர், "ஏம்மா, உங்க அப்பன் வீட்டுப் பாலமா?" என்று கத்தினார். சப்-இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவள் பதினான்கு என்று எழுதிய தாளைக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்க்காமல், போனில் யாரிடமோ பேசினார். பெரிய இன்ஜினீயரிடம்தான் என்று எதிர்முனையில் கேட்ட குரலிலேயே அவளுக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போனுக்கு ஃபைலின் படம் ஒன்று வந்தது.

"முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே. இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான் சார். அது பொய்."

"அப்ப இது மட்டும் எப்படி நிஜம்?" என்றார், அவள் கையிலிருந்த தாளைக் காட்டி. கேட்ட கேள்வியில் தப்பே இல்லை. அவர் பணியாளர்கள் பக்கம் திரும்பி, "டிரம்மை எடுங்கப்பா" என்றார்.

டிரம்களை ஓரத்துக்கு உருட்டினார்கள். வரிசையில் முதலில் நின்றது டவுன் பஸ். அவள் புருஷன் வண்டியை எடுத்தார். எடுத்தவர் நேராகப் போகவில்லை. ஸ்டீயரிங்கை ஒரேயடியாக ஒடித்து, பாலத்தின் வாயில் பஸ்ஸைக் குறுக்காக நிறுத்தினார், ஒரு சைக்கிள் நுழைய இடம் இல்லாமல். எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"எல்லாரும் மெதுவா இறங்குங்க. பாலம் சரியில்ல. பெரியவங்களுக்குக் கை குடுங்க."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சப்-இன்ஸ்பெக்டர் பஸ் கதவைத் தட்டிக்கொண்டு கத்தினார். பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது.

அப்போதுதான் எதிர்க்கரையில் ஒரு மணல் லாரி பாலத்தில் ஏறுவதைக் கண்டாள். தார்ப்பாய் மூடிய முழு லோடு. ஈர மணல் வேறு.

யோசிக்க நேரம் இல்லை. பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் உடம்பை நெருக்கி நுழைந்து, பாலத்தின்மேல் ஓடினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். முதல் கண், இரண்டாவது, மூன்றாவது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் நடுச் சாலையை விட்டு விலகவில்லை. அவன் வேறு வழியில்லாமல் பிரேக்கை மிதித்தான். லாரி இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பத்தடி முன்னால் குலுங்கி நின்றது.

"சாவுறதுக்கு வேற வண்டியே கிடைக்கலையா உனக்கு?" என்று தலையை வெளியே நீட்டித் திட்டினான்.

அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். மூன்றாவது கண்ணுக்கும் நான்காவது கண்ணுக்கும் நடுவே இருக்கிற இரும்புப் பட்டைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் லாரி. நான்காவது கண்ணின் நட்ட நடுவில், பாரம் அத்தனையும் ஏற்றிக்கொண்டு, பிரேக் அடித்த வேகத்தில் உத்திரத்தையே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு நின்றிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தால் மூன்று நொடியில் தாண்டிப் போயிருக்கும். அவள்தான் நிறுத்தினாள். இரும்புப் பட்டை ஒரு முனகல் முனகி, அந்தப் பக்கம் ஒரு விரல் அளவுக்குத் தாழ்ந்தது.

"பின்னாடி எடு! பின்னாடி எடுப்பா!"

லாரிக்காரனும் அதைப் பார்த்துவிட்டான். திட்டுவதை நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பின்னால் பால் வண்டி, அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வேன், அதற்கும் பின்னால் என்னென்னவோ, பாலம் முழுக்க ஒட்டி ஒட்டி வந்து நின்றிருந்தன. "எங்கம்மா எடுக்கறது?" என்றான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது. "முன்னாடி வழி விடச் சொல்லு! அந்த பஸ்ஸை எடுக்கச் சொல்லு!"

அவள் திரும்பினாள். மூன்று கண்ணுக்கு அப்பால் பஸ் குறுக்கே நின்றது. அவர் படியில் நின்றுகொண்டு ஒரு வயசானவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க!" உயிரே போகிற மாதிரி கத்தினாள். "பஸ்ஸை எடுங்க! எடுத்துடுங்க!"

இரண்டு கரையிலும் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவர் அவளைப் பார்த்தார். கை இரண்டையும் வீசிக்கொண்டு அவள் எதையோ சொல்வதையும் பார்த்தார். என்ன ஆனாலும் எடுக்கமாட்டேன், நீ பயப்படாதே என்பதுபோல, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போட்டுக்கொண்டார்.