வெட்டிய நரம்பின் துடிப்பு

கடிதத்தை நீட்டும்போது என் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா அவ கையெழுத்துப் போடுவாப்பா."

அவன் ஆய்வுக்கூடத்தின் தலைவன். முடியைவிட மெல்லிய ஊசிகளை நரம்புக்குள் பதித்து, அதில் ஓடும் துடிப்பைப் பதிவு செய்வது அங்கே வேலை. ஊசிகளைச் செய்பவள் என் மருமகள். எலியின் கால் நரம்பில் பிடித்ததாக அவன் வெளியிட்ட துடிப்பு உண்மைதானா என்று விசாரணை வந்திருக்கிறது. கோளாறு ஊசியின் பூச்சில்தான் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

குடும்பப் பெயர் சந்தி சிரிக்கக் கூடாது என்று நானும் அவளிடம் போனேன்.

"வீட்டு மானம்மா. ஒரு கையெழுத்துதானே."

அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு கோடுகள் ஒரே மாதிரி துள்ளின.

"மேல இருக்கிறது அவர் வெளியிட்டது, மாமா. கீழ இருக்கிறது அந்த நரம்பை வெட்டினப்புறம் நான் எடுத்தது."

"வெட்டின நரம்புல எப்படிம்மா துடிப்பு வரும்?"

"வராது. எலி நடக்கும்போது இடுப்புத் தசை துடிக்குது. அதைத்தான் நரம்புன்னு காட்டிட்டார். வெட்டிப் பாத்துட்டு வெளியிடுங்கன்னு நாலு தடவை சொன்னேன். ஊசி செய்யறவ ஊசியைப் பாருன்னார்."

என் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்ற மகனிடம் திரும்பினேன்.

"சொன்னியாடா?"

"அவசரம்பா. வேற கூடம் முந்திக்கும். இப்ப என் வேலையே போயிடும். புருஷனுக்காக இதுகூடச் செய்யக் கூடாதா?"

"உன் தப்பைப் பொண்டாட்டி தலையில கட்டிட்டு, புருஷன்னு வேற சொல்லிக்கிறியா?"

கடிதத்தைக் கிழித்தெறிந்தேன்.

"கிழிங்க. இன்னொண்ணு அச்செடுக்க எவ்வளவு நேரம்?"

"எடு. அவ பேர் இருக்கிற இடத்துல உன் பேரைப் போட்டு எடு."

அதற்குள் மருமகள் ஏதோ விசையை அழுத்தினாள்.

"ரெண்டு கோட்டையும் விசாரணைக் குழுவுக்கு அனுப்பிட்டேன்."

அவளை நான் கண்டிப்பேன் என்று அவன் காத்திருந்தான். அவனுக்குத்தான் எத்தனை தைரியம்.

"நாளைக்கு விசாரணைக்கு நானும் வரேன்" என்றேன் அவனிடம். "தப்பு என்னோடதுன்னு அங்க நீ சொல்றதை நான் கேக்கணும்."

"நீங்க வர வேண்டாம், மாமா." அவள் என்னையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு கையெழுத்துதானேன்னு கேட்டுட்டு வந்தவர்தானே நீங்களும். அவர் தனியாவே போய் நிக்கட்டும்."

அந்த வீட்டில் என் தப்பை என்னிடமே சொன்ன முதல் ஆள் அவள். கிழித்தெறிந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன்.