ஒன்பது பிள்ளைகள் பத்தான விவரம்

கேரளத்துக் காரோடு பஞ்சாயத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கல்லுக்கு இப்புறம் உள்ள அங்கன்வாடியில், பிள்ளைகள் விளையாட்டாக எதை எண்ணினாலும் அது அந்த எண்ணிக்கைக்கு வந்துவிடும். பெரியவர்கள் எண்ணினால் உள்ளதுதான் இருக்கும். ஆனந்தபாய் டீச்சர் பலகையில் எழுதிக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை ஜோடி சேர்ப்பதும், மரச்சீனிக் கிழங்கை நீளம் பார்த்து வரிசையாக வைப்பதும், கஞ்சிக்கு அரிசியைத் தம்ளரால் அளப்பதும்தான் அங்கே பாடம். வாசலின் மூன்று படியைப் பிள்ளைகள் நான்கு என்று எண்ணிய அன்று டீச்சர் நான்காவது படியிலும் கால் வைத்து ஏறிப் போனார். கீழ்வீட்டுச் சதாசிவன் தன் ஒற்றைப் பசு இரண்டாகட்டும் என்று கொண்டுவந்து முற்றத்தில் கட்டினார். பிள்ளைகள் பசுவை எண்ணவில்லை, காலை எண்ணினார்கள். ஐந்து வந்தது. பசு ஐந்து காலோடு வீடு போய்ச் சேர்ந்தது. பால் மட்டும் பழைய அளவுதான்.

இதில் பெரிய தொந்தரவு ஜெனில். நாலரை வயது. அவன் அப்பா ஜெயதாசுக்குத் தோட்டங்களில் தேங்காய் எண்ணும் வேலை. அந்த வேலையில் யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் காயை எடுக்கும்போது லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. ஜெயதாஸ் லாபம் சொல்லும்போது கண்ணை மூடி ஒரு நொடி ஜெபிப்பார். அதைப் பார்த்து வளர்ந்த பையன், லாபம் கர்த்தருக்குச் சேர்ந்தது, காய்க்குச் சேர்ந்ததல்ல என்று நினைத்துவிட்டான். ஆகவே கண்ணை மூடிக் காற்றில் லாபம் சொல்லிவிட்டு, முதல் பொருளைத் தொட்டு ரெண்டு என்பான். அவன் எண்ணியதெல்லாம் ஒன்று கூடும். முட்டை கூடியதில் சமையல் பார்க்கும் ரத்னபாய்க்கு வருத்தம் ஒன்றும் இல்லை. டீச்சருக்கு இருந்தது. தப்புக் கணக்கோடு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகலாகாது என்று மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, லாபத்துக்கும் ஒன்றைத் தொட வைத்தார். ஒரு வியாழக்கிழமை அவன் ஏழு வாழைப்பழத்தை ஏழு என்று எண்ணினான். டீச்சர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் லேகா வந்தார். பத்துப் பிள்ளை இல்லாத அங்கன்வாடியை மூடி, ரயில் பாதைக்கு அப்புறம் உள்ளதோடு சேர்க்கச் சொல்லி அவர் கையில் உத்தரவு இருந்தது. எண்ணினார், ஒன்பது. மறுபடி எண்ணினார், ஒன்பது. பேனாவைத் திறந்தார். இந்தக் குஞ்சுகள் தினமும் எப்படித் தண்டவாளம் தாண்டும் என்று நினைத்த டீச்சர் பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

“மேடம், பிள்ளையளே எண்ணட்டு. இஞ்ச அதாக்கும் விளையாட்டு” என்றார். “ஜெனிலே, நீ பண்டு எண்ணுவியே, அது போல எண்ணு மக்கா.”

ஜெனில் கையைக் கட்டிக்கொண்டான். “அது தப்புன்னு டீச்சர்தானே சொன்னிய?”

“சொன்னேன்.”

“இப்போ அது சரியா?”

“இப்பவும் தப்புதான். ஆனா எனக்கு இண்ணு அந்தத் தப்பு வேணும் மக்கா.”

அடுக்களையிலிருந்து ரத்னபாய், “மூணு மாசம் பிள்ளைக்க உயிர எடுத்துப் படிப்பிச்சிய இல்லியா, இப்போ அனுபவியுங்க” என்றாள்.

தப்பைக் கெஞ்சிக் கேட்கும் டீச்சரை ஜெனில் அதுவரை பார்த்ததில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் அது விளையாட்டாயிற்று. கண்ணை மூடி லாபம் என்றான். பிறகு ஓடி ஓடித் தலைகளைத் தட்டினான். கடைசியில் தன் தலையைத் தட்டி, பத்து என்று கத்தினான்.

ஜன்னலோரம் சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். லேகா பெயர் கேட்டார். நீது என்றாள். பிறந்த தேதி கேட்டதற்கு, அம்மாவிடம் கேளுங்கள் என்றாள். அதுவும் நியாயம்தான் என்று லேகா பத்து என்று எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நாலு மணிக்கு எல்லாத் தாய்மாரும் வந்து போன பின்னும் நீது நின்றாள். தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதா என்று ஆனந்தபாய் யோசித்துக்கொண்டிருக்கையில், அதுவரை ஊரில் யாரும் பார்த்திராத ஒருத்தி தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். பெயர் ஷிஜா என்றாள்.

“டீச்சரே, இண்ணைக்கு முட்டை குடுத்தியளா? என் பிள்ள பசிச்சு நிக்குதே.”

முட்டை ஒன்பதுதான் வந்திருந்தது. “நாளைக்கு ரெண்டு தாறேன்” என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை பஞ்சாயத்துக்காரர் வந்து, குளத்துக்கும் சர்ச்சுக்கும் நடுவில் வெள்ளிக்கிழமைக்குப் பின் கூடியிருந்த ஷிஜாவின் ஓட்டு வீட்டுக்கு நம்பர் அடித்தார். சுவரில் பாசி பிடித்திருந்தது, முற்றத்துத் தென்னை காய்த்திருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பார்த்து, கொள்ளாம், நல்ல தண்ணி என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.