பக்கத்து வீட்டுச் சாட்சி

1

இந்தக் கதை ஒரு சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருப்பவரை எந்தெந்தக் காரணத்துக்காக வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. வாடகை தராதது, வீட்டைச் சேதப்படுத்தியது, கேட்காமல் உள்வாடகைக்கு விட்டது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக நடந்துகொண்டது. மற்றவற்றையெல்லாம் ஒருமாதிரி சரிபார்த்துவிடலாம். தொந்தரவை யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்ல ஏற்ற ஆள் பக்கத்து வீட்டுக்காரன். புத்தகத்தை மூடி வைக்கும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு முகம் வந்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்தையன் என்று பெயர் வைத்தேன். கொள்ளேகால்காரன். மைசூரில் பட்டு நூல் கடை ஒன்றில் எடை போடுகிற வேலை.

(இதில் யாரும் நிஜ மனிதர்கள் இல்லை. மகாராஜா ஆட்சி, யுத்தத்தின் கடைசி வருஷங்கள், வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம், குடியிருப்பவரை நினைத்தபோது துரத்தக்கூடாது என்று உத்தரவு இருந்த காலம். இவ்வளவுதான் நான் சரித்திரத்திலிருந்து கடன் வாங்கியது. வழக்கை விசாரித்தவரை 'வாடகை அதிகாரி' என்றே சொல்லப்போகிறேன். அவருடைய சரியான பதவிப் பெயரைத் தேடப் போனால், கதையை எழுதாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். இந்தக் கதையை எழுதாமல் இருக்க நான் நிறையச் சாக்குகள் தேடினேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மண்டி மொஹல்லாச் சந்து ஒன்றில், கௌரம்மாவின் ஒண்டுக்குடித்தனத்தில், நல்ல மனிதனான சித்தையன்..."

'நல்ல மனிதனான' என்பதை அடித்தேன். அதை அடித்ததும் வாக்கியம் நிற்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "சித்தையன் ஒரு கோழை." அதையும் அடித்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு நிம்மதி. நாம் வேறு ஜாதி மனிதர்கள் என்று நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆகவே அந்த முற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். நடுவில் கிணறு. சுற்றி ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டில் சித்தையனும் அவன் மனைவி மாதம்மாவும் அவர்களுடைய பெண் குழந்தையும். அதே வீட்டின் முன்னறையில் அவன் தம்பி சென்னிமலையும் அவன் மனைவியும். சென்னிமலை ஊரிலிருந்து வேலை தேடி வந்தவன். தங்குவதற்காக அண்ணனுக்கு மாதாமாதம் ஏதோ கொடுத்துவந்தான். சட்டத்தின் கண்ணுக்கு அது உள்வாடகை. அந்த முற்றத்தில் யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்த வீட்டில் ஐவி. வேதக்காரப் பெண் (கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்), தமிழச்சி, பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண் மங்கிப்போன அப்பா பர்னபாஸைத் தவிர அவளுக்கு வேறு யாருமில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தாலும் அவளுக்கு ஓய்வு கிடையாது. பிரசவ வலி எடுத்த வீடுகளிலிருந்து புருஷனோ அண்ணனோ ஓடிவருவார்கள். வாசலில் ஜட்கா நிற்கும். பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போவாள். ஒரு மழை நாள் சாயங்காலம் அப்படி ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டவன் சித்தையன். கால் முன்னால் வந்த குழந்தை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐவி குழந்தையையும் எடுத்தாள், மாதம்மாவையும் பிழைக்கவைத்தாள்.

3

வீட்டுக்காரி கௌரம்மாவைக் கெட்டவளாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவளுக்குக் கல்யாணமாகாத மகள் ஒருத்தி இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முற்றத்தைக் கடக்கும்போது பர்னபாஸ் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். யார் அவர் என்று கேட்டார்கள். வேதக்காரர் என்று தெரிந்ததும், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீட்டில் எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். அடுத்து வந்த வரனும் அதே கிணற்றில் கவிழ்ந்தது.

கௌரம்மா ஐவியிடம் அழுதே கேட்டாள். ஐவியும் வீடு தேடிப் பார்த்தாள். 'வீடு காலி' என்று பலகை தொங்கிய வாசல்களில் முதலில் சிரித்துக்கொண்டே பேசினார்கள். பெயரைக் கேட்டதும், நேற்றுதான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். பலகை மட்டும் அங்கேயே தொங்கியது. போக இடமில்லை என்று ஐவி திரும்பி வந்து சொன்னாள். கௌரம்மா ஒரு வக்கீலைப் பார்த்தாள். வேதக்காரர் என்பதற்காகக் காலி செய்யச் சொல்ல உத்தரவில் இடமில்லை, வேறு ஏதாவது வேண்டும் என்றார் அவர். அந்தப் பெண்ணைத் தேடி வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

இப்படித்தான் கௌரம்மா சித்தையன் வீட்டு வாசலுக்கு வந்தாள். மிரட்டவில்லை. முன்னறையில் இருந்த சென்னிமலையின் தகரப்பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்வாடகைக்கும் ஏதோ சட்டம் இருக்கிறதாம் என்றாள். நான் உன்னை ஒரு நாளாவது கேட்டேனா என்றாள். பொய் சொல்ல வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மைசூருக்கு வந்த புதிதில் சித்தையனும் இப்படி வாசல் வாசலாக நின்றவன்தான். எந்த ஊர், என்ன ஜாதி, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மாதம்மா சத்திரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருப்பாள். அவன் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே கேட்காமல் இருந்துவிடுவாள். அது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சரி என்றான்.

(தெரிந்தும் சரி என்றான். இப்படியும் எழுதிப் பார்த்தேன். எதை அடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவைக்கிறேன்.)

4

விசாரணை ஒரு காலைப் பொழுதில் நடந்தது. கௌரம்மாவின் வக்கீல் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. ஐவி வீட்டுக்கு வெளி ஆண்கள் வருவதுண்டா என்று சித்தையனிடம் கேட்டார்.

"வருவாங்கங்க."

இருட்டிய பிறகும் வருவார்களா?

"அப்பவும் வருவாங்கங்க."

அவர்களோடு அவள் வண்டியில் ஏறிப் போய் நீ பார்த்ததுண்டா?

"பாத்திருக்கறனுங்க."

வக்கீல் போதும் என்று உட்கார்ந்தார். வாடகை அதிகாரியும் குமாஸ்தாவும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனாவின் சத்தம் கேட்டது. பிரசவம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள், நானே ஒரு நாள் கூப்பிட்டுப் போயிருக்கிறேன் என்று சொல்வதற்கு வேண்டிய அவகாசம் சித்தையனுக்கு இருந்தது. யாரும் அவன் வாயைப் பொத்தவில்லை.

(இந்த இடத்தில் அவன் சொல்லிவிட்டதாக ஒரு பக்கம் எழுதினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார், ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெளியே வந்தபோது வெயில் இதமாக... அந்தப் பக்கம் நன்றாகவே வந்திருந்தது. படித்துப் பார்த்தேன். அது சித்தையனுக்காக எழுதியதில்லை, எனக்காக எழுதியது என்று தெரிந்தது. கிழித்தேன்.)

ஐவிக்கு வக்கீல் கிடையாது. சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி அவளிடம் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். எதற்காக வருகிறார்கள் என்று அவள் கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம், கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று கௌரம்மாவிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று சித்தையன் நினைத்தான். கேட்கட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தான்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?"

இரண்டு நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தவள் அவள். வழக்குக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்கக் கூடாது என்றார் அதிகாரி.

"விட்டுருச்சுங்க" என்றான் சித்தையன்.

அதை எழுத வேண்டாம் என்று அதிகாரி குமாஸ்தாவிடம் சொன்னார். ஐவி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் குத்திக்காட்டத்தான் அப்படிக் கேட்டாளா, குழந்தை நினைப்பில் கேட்டாளா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. குத்திக்காட்டத்தான் கேட்டாள் என்று வெகுநாள் வரை சித்தையன் நம்பப் பார்த்தான். அப்படி இருந்தால் அவள்மேல் கோபப்படலாம். கோபம் வரவில்லை. கடையில் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது திடீரென்று காது சூடாகும். எடையைத் தப்பாகச் சொல்லிவிடுவான்.

5

காலி செய்ய வேண்டும் என்று உத்தரவானது. உத்தரவில் தொந்தரவு என்று மட்டும்தான் இருந்தது. மிச்சத்தைத் தெரு சேர்த்துக்கொண்டது.

பாத்திரம் பண்டம் கட்டுவதற்கு மாதம்மா போய் உதவி செய்தாள். திரும்பி வந்து சித்தையனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"நீங்க பொய் சொல்லியிருந்தீங்கன்னாக்கூட மனசு ஆறிரும்ங்க. அத்தனையும் நெசத்தையே சொல்லிப்போட்டு வந்திருக்கறீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

ஐவிக்கு வீடு கிடைக்க ஒரு வழி பிறந்தது. எண்ணெய்க் கடை மாரிசாமி, தமிழர், பின்கட்டைக் காலியாக வைத்திருந்தார். வேதக்காரர் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. காதில் விழுந்த பேச்சுதான் இடித்தது. விசாரித்துக்கொண்டு நேரே நூல் கடைக்கு வந்தார்.

"நீ பக்கத்துல குடியிருந்தவன். அந்த நர்ஸம்மா நல்ல மாதிரிதானேப்பா?"

"நல்லவங்கதானுங்க" என்றான் சித்தையன். உடனே சொன்னான். அதுவரைக்கும் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்புறம் ஏன் அங்க போயி அப்பிடிச் சொன்னே?"

கடையில் முதலாளி இருந்தார். இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள். சித்தையன் தராசுத் தட்டில் இருந்த பட்டு நூல் சிட்டத்தை எடுத்து உதறி, நேராக்கி, மறுபடி தட்டில் வைத்தான். மாரிசாமி காத்திருந்து பார்த்தார். பிறகு, சரிப்பா என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

(முதல் தடவை பயந்து செய்தான் என்று நானும் கொஞ்சம் சமாதானம் சொல்லிவந்தேன். மாரிசாமி வந்த அன்றைக்கு அவனை யாரும் மிரட்டவில்லை. மனிதர்கள் முன்னால் தலை குனிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதற்குமேல் அவனுக்காக நான் வாதாடப்போவதில்லை.)

அந்த மாதக் கடைசியில் ஐவி அப்பாவைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு மைசூரை விட்டே போய்விட்டாள். கௌதள்ளியில், சித்தையன் பிழைப்புத் தேடி விட்டுவந்த அதே சீமையில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டான்.

6

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். கௌரம்மா அடுத்ததாகச் சித்தையனையும் துரத்த வேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும். நானும் அப்படி எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் வாக்குத் தவறவில்லை. உள்வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூரையில் ஒழுகிய இடத்துக்கு ஓடு மாற்றிக்கொடுத்தாள். மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பந்தியில் இலை போட்டு நீர் தெளித்தது சித்தையன். நம் சித்தையன் எங்கள் வீட்டு மனிதன் மாதிரி என்று கௌரம்மா சம்பந்திகளிடம் சொன்னாள். அன்றைக்கு அவனால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

7

யுத்தம் முடிந்தது. மாதம்மா இரண்டாவது முறை உண்டானாள். தாய்வீடு கொள்ளேகாலில் இருக்கிறது, மைசூரில் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அவள் இரண்டும் வேண்டாம் என்றாள். கௌதள்ளிக்குப் போக வேண்டும் என்றாள். அந்தம்மாவின் கை பட்டால்தான் தைரியம் என்றாள். சென்னிமலையைத் துணைக்கு அனுப்புகிறேன் என்று சித்தையன் சொல்லிப்பார்த்தான்.

"நீங்கதான் வரோணும்" என்றாள்.

கொள்ளேகால் வரைக்கும் பஸ். அங்கிருந்து மாட்டு வண்டி. வழி முழுவதும் அவன் ஒரு வாக்கியத்தைச் செய்துகொண்டே வந்தான். செய்தான், கலைத்தான். அனூர் தாண்டியபோது ஒன்று தேறினாற்போல் இருந்தது. கௌதள்ளி வந்ததும் அதுவும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி என்பது ஓட்டுக்கட்டிடம், இரண்டு அறை. ஐவி வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மாதம்மாவைப் பார்த்ததும் நேரே வந்து தோளை அணைத்தாள், வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், இன்னும் பொழுது இருக்கிறது, பயப்படாதே என்றாள். மூத்தவள் நன்றாக நடக்கிறாளா என்று கேட்டாள். அப்பாவைப் பற்றி மாதம்மா கேட்டபோதுதான், போன வருஷம் காலமாகிவிட்டார் என்று சொன்னாள். மாதம்மாவை உள்ளே படுக்கவைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க வெளியே வந்தபோதுதான், திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தையன் பக்கம் திரும்பினாள்.

"இப்பவும் அந்த வீட்டுலதான் இருக்கீங்களாண்ணா?"

"ஆமாங்க."

அவள் தலையாட்டினாள். தவலையில் தண்ணீர் மொண்டாள்.

சித்தையன் எழுந்து நின்றான். "அன்னிக்கு அங்க நான்..."

ஐவி தவலையைக் கீழே வைத்தாள்.

8

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் அவன் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறான், அவள் மன்னிக்கிறாள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்றில், தெரியும் அண்ணா, விடுங்கள் என்று அவள் முந்திக்கொள்கிறாள். அது அவனைத் தப்பவிடுவதற்காக நான் செய்த சூழ்ச்சி. மூன்றாவதில் உள்ளேயிருந்து மாதம்மா கூப்பிடுகிறாள், ஐவி ஓடுகிறாள், பேச்சு அப்படியே நின்றுபோகிறது. அதைத்தான் போடுவதாக இருந்தேன். கதைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் குழந்தை பிறக்கிற அவசரத்தைக் கொண்டுவந்து இவனை மறுபடியும் ஒளித்துவைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் மூன்றையும் எடுத்துவிட்டேன். உள்ளே மாதம்மா கண் அசந்திருக்கிறாள். வலி இன்னும் தொடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வேறு யாரும் வரவில்லை. ஐவி நின்று அவன் முகத்தைப் பார்க்கிறாள், கேட்பதற்கு அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை. அவனுக்கு நான் இதற்குமேல் வார்த்தை எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. ஒரு சுவர் தள்ளி யாருடனாவது குடியிருந்திருக்கிறீர்கள் என்றால், அவன் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். சொல்வானா என்பதும்.