உதடு தெரிகிற கம்ப்யூட்டர்

கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த ஒரு கோடை மத்தியானத்தில் மாரிக்கனியின் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. கருகல் வாடை வந்தது. சத்தம் ஏதும் வந்ததா என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. கல்யாணமான மறுவருஷம் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவள் பேசுவாள், கேட்கத்தான் முடியாது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள்.

அதற்காகத்தான் கம்ப்யூட்டர். புருஷன் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில், எங்கோ பனிமலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் வருவான். செல்போனில் அவன் வாய் புளியங்கொட்டை அளவுதான் தெரியும். எழுதி அனுப்பச் சொல்லலாமே என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவே யோசனை சொன்னது. எழுதினால் ‘நலம், சாப்பிட்டேன்’ என்பதைத் தாண்டாத ஆள் அவன்.

வீடியோவில் முக்கால்வாசி புரியும். புரியாதது கடைசிப் பேச்சுதான். ஒவ்வொரு வாரமும் வைப்பதற்கு முன் அவன் உதடு லேசாக அசையும். பழைய திரையில் அது கலங்கலாகத்தான் தெரியும். “என்ன சொன்னிய?” என்று கேட்டால் சிரித்துவிட்டு வைத்துவிடுவான். அந்த இடத்தை மாரிக்கனியே நிரப்பிக்கொண்டாள். ‘ஏட்டி, இங்க நிலா வருது, ஆனா ஒன்னய மாதிரி இல்ல.’ பாண்டிச்செல்வம் சாகும்வரை அப்படிப் பேசமாட்டான் என்பது ஊரறிந்த விஷயம். அதைப் பற்றி அவளுக்கென்ன? அந்த ஒரு வரியில் ஏறிக்கொண்டு வாரம் முழுக்க மிதப்பாள். ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி செய்யும் கம்பெனியில் அவள் மடித்து அடுக்குகிற வெள்ளைத் துணியெல்லாம் மேகமாகி, அவளும் அதற்குள் எங்கோ போய்விடுவாள். சூப்பர்வைசர் தோளைத் தொட்டால்தான் திரும்பி வருவாள்.

போனஸ் பணத்தோடு, கம்ப்யூட்டர் விற்கிற ஞானதுரையின் கடைக்குப் போனாள். அவர் திரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

“அண்ணாச்சி, என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது.”

அவர் பதறிப்போய், பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார். “எம்புட்டுக்குள்ள பாக்கணும், தங்கச்சி?”

“இருபதாயிரத்துக்குள்ள. சாதாரணமாவே பேசுங்க, புரியும்.”

முதலில் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரிகிற புதுசைக் காட்டி, அருவிப் படம் ஒன்றை ஓடவிட்டார்.

“அருவி வேண்டாம் அண்ணாச்சி. யாராவது பேசுறதப் போடுங்க.”

செய்தி வாசிக்கிற பெண் வந்தாள். அவள் உதடு விட்டுவிட்டுத் துள்ளியது. ஞானதுரை நேர்மையான மனுஷன். “புதுசுன்னாலும் வெல கொறஞ்ச சரக்கு. வெளக்குதான் நல்லா எரியும்” என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஏதோ மில் ஆபீசிலிருந்து வந்த பழைய கறுப்புப் பெட்டியை மாட்டினார். கீறல் விழுந்திருந்தாலும் உதடு துள்ளவில்லை. ஆனால் அதோடு வந்த திரையில் கொஞ்சம் கலங்கல். அதே பெட்டியை வேறொரு பெரிய திரையில் மாட்டியதும், வாசிக்கிற பெண்ணின் உதட்டுச் சாயம் ஓரத்தில் கலைந்திருப்பதுகூடத் தெரிந்தது.

“பெருசு வாங்குனா யூ.பி.எஸ்.ஸுக்குக் காசு மிஞ்சாது. கரண்ட் போனா பொசுக்குன்னு நின்னுரும். சின்னதுன்னா ரெண்டும் வாங்கலாம். யோசிச்சுக்கோ.”

அவர் சொன்னது கரண்டைப் பற்றி. அவள் யோசித்தது வேறு. சின்னத் திரையில் பாண்டிச்செல்வம் பழையபடி கலங்கலாக வருவான், நிலாவைப் பற்றிப் பேசுவான். பெரிய திரையில் அவன் சொல்வதுதான் வரும். அது ‘கேஸ் புக் பண்ணிட்டியா’ என்பதாக இருந்துவிட்டால்? வெளியே டவுன் பஸ்கள் சத்தமே இல்லாமல் மிதந்து போயின.

“பெருசே குடுங்க அண்ணாச்சி.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதை அவள் அவனிடம் சொல்லவில்லை. திரை நிறைய அவன் முகம். பின்னால் கட்டிலில் இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டு, அவன் பேசுகிற ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து சிரித்தார்கள். சாப்பிட்டியா, வீட்டு வரி கட்டுனியா, குழாயில தண்ணி வருதா என்று கேட்டான். ஒரு சொல் விடாமல் புரிந்தது. நிலா எங்கும் தென்படவில்லை.

கடைசியில் உதடு லேசாக அசைந்தது. பின்னால் இருந்தவர்கள் நிமிரவே இல்லை. அப்போதுதான் மாரிக்கனிக்கு உறைத்தது. இதை மட்டும் அவன் குரல் இல்லாமல் சொல்கிறான்.

“எனக்குப் பயமா இருக்குட்டி.”

இத்தனை வாரமும் இதுதானா? யாரிடமும் சொல்ல முடியாததை, இவளுக்கும் தெரியாது என்ற தைரியத்தில், இவளிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இவளோ அதன்மேல் ஏறி உட்கார்ந்து மேகத்தில் மிதந்திருக்கிறாள்.

வழக்கம்போலச் சிரித்துவிட்டு, வைப்பதற்கு அவன் விரல் நீண்டது. மாரிக்கனி தன் தொண்டையில் கை வைத்து, அதிர்வு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவனுக்குப் புரிகிற மாதிரி உதட்டை மட்டும் நிறுத்தி நிறுத்தி அசைத்தாள்.

“வைக்காதிய. எனக்குத் தெரிஞ்சிட்டு.”

விரல் அப்படியே நின்றது. அவன் ஒருதரம் திரும்பி, சீட்டாடுகிறவர்களைப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து, சத்தமே இல்லாமல், எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினான்.