காரின் கூரையில் ஒரு துளை

சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் தனசேகரின் பட்டறைக்கு, ஜெர்மனியிலிருந்து இறக்கிய கார் வருவது அதுதான் முதல் தடவை. கொண்டுவந்தவன் குணசீலன். ரேடியோ இரைகிறது, ஒரு ஸ்டேஷனும் நிற்கவில்லை என்றான். போனில் பாட்டுப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று தனசேகர் கேட்டதற்கு, பாட்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னான். ஜலகண்டாபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குத் தினமும் போய்வரும் வழியில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் அவனுக்கு. எப்போதோ பதிந்த குரல் அல்ல. இந்த நிமிடம் எங்கோ உட்கார்ந்து பேசுகிற ஆள்.

தனசேகர் செட்டைக் கழற்றி, ஒரு துண்டு வயரைச் செருகி வெளியே நீட்டினார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. செட்டில் கோளாறில்லை. இந்தக் காருக்கு ஏரியல், பின் கண்ணாடியிலேயே கோடு கோடாக ஓடுகிறது. அதன்மேல் பெரிய வெள்ளி எழுத்தில் ‘செல்லாண்டியம்மன் துணை’. லாரிக்கு ஒட்டுகிற, உலோகப் பூச்சுள்ள பளபளப்பு ஸ்டிக்கர். சிக்னலை மறைப்பது அதுதான்.

எலக்ட்ரானிக்ஸ் படித்த குணசீலனுக்கு இது முன்பே தெரியும். வேறு காரணம் ஏதாவது இருக்காதா என்றுதான் வந்திருந்தான்.

கார் வாங்கிய அன்று, குலதெய்வத்தின் பேர் இல்லாமல் வண்டி வாசலை விட்டு நகரக் கூடாது என்று அவன் மனைவி ஜெயப்பிரியா ஒரே பிடியாக நின்றாள். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்கேலால் இழுத்து, அவளே ஒட்டினாள். கடைசி எழுத்து வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. அம்மனுக்குத் தெரியும், உங்களுக்கென்ன என்றாள். ஐப்பசியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

தனசேகர் பிளேடோடு வந்தார்.

“உரிச்சுட்டு சாதா ஸ்டிக்கர்ல ஒட்டிக்கலாம் தம்பி. இது கோணலா வேற இருக்குது. ஏனுங்க, ஊட்டுல கோவிச்சுக்குவாங்களா?”

“ஊட்டுல இப்ப யாரும் இல்லீங்ணா. ஒட்டுனது அவதான்.”

பிளேடு சட்டைப் பைக்குள் போயிற்று.

வேறு வழி உண்டா என்று குணசீலன் கேட்டான். லாரி ஏரியல் மாட்டலாம், ஆனால் கூரையைத் துளைக்க வேண்டும், இப்படிப்பட்ட வண்டியில் ஓட்டை போட்டால் நாளைக்கு ஒருத்தனும் வாங்க மாட்டான் என்றார் அவர்.

“போடுங்ணா.”

டிரில் இறங்கியபோது குணசீலன் பின்னால் போய் நின்றான். அதிர்வில் பெயர்ந்துவிடுமோ என்று கடைசி எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

நாமக்கல் போகும் வழியில் ரேடியோ தெளிவாகப் பேசியது. யாரோ ஒருவர் அன்றைய முட்டை விலையைச் சொன்னார். குணசீலனுக்குக் கோழிப்பண்ணை கிடையாது. இருந்தும் முழுதாகக் கேட்டான். அவர் சொல்லி முடித்ததும், சரிங்க என்றான்.