மருமகளின் எடை

"இன்னிக்கும் ரத்தத்துல வைட்டமின் ஏறலைன்னா, நேரா உங்கப்பா வீட்டு வாசல்லதான் காரை நிறுத்துவேன்" என்றான் மிஷாரி. குவைத்தின் ஜாப்ரியா சிக்னல் பச்சையாகியும் அவன் காரை எடுக்கவில்லை. "மாத்திரையைக் குப்பையில போட்டுட்டு எனக்குக் கதை சொல்றியா?"

பக்கத்து சீட்டில் அவன் மனைவி தலால் தொடையை நீவிக்கொண்டாள். வைட்டமின் டி மாத்திரையை வெள்ளிக்கிழமை தவறாமல் விழுங்கியவள் அவள். ஆனாலும் படியேறினால் தொடை எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. மகளைத் தூக்க முடியவில்லை. அதே மாத்திரையைச் சாப்பிட்ட ஒல்லிக்குச்சி நாத்தனார் அனூத், ரமலானுக்கு முன்பே துள்ளி நடந்தாள். வீட்டில் சந்தேகம் முளைத்தது அன்றிலிருந்துதான்.

"ஏன்டா அவளைப் போட்டு வறுக்கிற?" என்றார் பின் சீட்டிலிருந்த மாமியார் உம்மு மிஷாரி. "பின்னால ஹாரன் அடிக்கிறான் பாரு."

கிளினிக்கில் டாக்டர் நெர்மீன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம்கூட ஏறலையேம்மா."

"கேட்டியா?" மிஷாரி எழுந்தே விட்டான். கார்ச் சாவியைக் கையில் எடுத்தான்.

"உக்காருப்பா. முதல்ல வந்தன்னிக்கு எழுபது கிலோன்னுதானே சொன்னீங்க? கூட்டத்துல நானும் நிறுத்துப் பார்க்காம விட்டுட்டேன்." டாக்டரின் கண்கள் தலாலின் தொளதொளத்த அபாயா அங்கியை அளந்தன. "யார் சொன்னது எழுபதுன்னு?"

உம்மு மிஷாரி தலையைக் குனிந்துகொண்டார்.

தலாலுக்குத் தெரியும். அன்று நர்ஸ் கேட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் முந்திக்கொண்டார். இப்போது சொன்னால் மகன் முன்னால் தாய்க்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் இவள் பொய்க்காரி.

செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கும் கருவியில் ஏறினாள். மிஷாரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"இங்க பாருங்க" என்றாள் அவள். "பொய்க்காரியோட எடையையும் தெரிஞ்சுக்கோங்க."

நூற்றுப் பன்னிரண்டு.

"இந்த வைட்டமின் கொழுப்புல போய்த் தங்கிடும் தம்பி" என்றார் டாக்டர். "உடம்பு பெருசா இருந்தா ரத்தத்துக்கு வர்றது குறைச்சல்தான். ரெண்டு, மூணு மடங்கு குடுத்திருக்கணும். மருந்துதான் பத்தலை. அவளைக் குத்தம் சொல்லாதே."

"நான்தான்டா சொன்னேன்!" உம்மு மிஷாரி வெடித்தார். "பக்கத்து நாற்காலியில உம்மு ஜர்ராஹ் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அவ நாக்குக்கு என் மருமகளைத் தீனியாப் போடுவேனா? கல்யாணத்தன்னிக்கு இருந்த எடையைச் சொல்லிட்டேன். அதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம்னு எனக்கென்ன தெரியும்?"

மிஷாரி தரையில் மண்டியிட்டான். குனிய முடியாத மனைவியின் காலில் செருப்பை மாட்டினான். "வா, வீட்டுக்குப் போகலாம்."

"இல்லை" என்றாள் தலால். "எங்கப்பா வீட்டுலயே காரை நிறுத்துங்க."

"தலால்..."

"மாசக்கணக்கா என்னைப் பொய்க்காரின்னீங்க. கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடணும்னு உங்களுக்கு யாராவது சொல்லித் தரணுமா?"

உம்மு மிஷாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "போ கண்ணு. சமாதானம் பண்ண நம்ம வழக்கப்படி கையில தங்கம் இல்லாம வந்தான்னா கதவைத் திறக்காதே."

"நீங்களும்தான் கூட வந்து கூப்பிடணும், யும்மா" என்றாள் தலால் மாமியாரிடம். "உங்க மேலயும் சேர்த்துத்தான் கோபம்."