மாதாவுக்குக் கொடுத்த கை

பாளையங்கோட்டை ஞானசிகாமணிக்குப் படம் எழுதுவதுதான் பிழைப்பு. கச்சேரி சிரஸ்தாரிலிருந்து செத்துப்போன மிராசுதார் வரைக்கும், அவர் கையால் முகம் வாங்கிக்கொண்டு சுவரில் ஏறாத பெரிய மனுஷர்கள் ஜில்லாவில் குறைவு. அப்பேர்ப்பட்டவருக்குத் தன் பெண்டாட்டி முகம் மட்டும் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

சாலோமி காய்ச்சலில் படுத்து ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தாள். வருஷம் திரும்ப ஒரு மாதம் இருக்கையில் மகள் பியூலா கேட்டாள்.

"அப்பா, அடுத்த மாசம் அம்மாவுக்கு நினைவுக் கூட்டம் வருது. சபையில உள்ளவ்வோ எல்லாரும் வருவாவ. அம்மா படம் ஒண்ணு வைக்கணும்."

"அதுக்கென்ன, எழுதிருவோம்" என்றார் ஞானசிகாமணி. பதினேழு வயசுப் பெண், அம்மாவைப் பறிகொடுத்த பிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

ஆறு நாள் கரித்துண்டும் காகிதமுமாக உட்கார்ந்தார். முதல் நாள் வந்தது சிரஸ்தார் வீட்டு அம்மாள். அடுத்த நாள் லட்சுமி வந்தாள், அதற்கடுத்த நாள் வேதாகமத்து ரூத் வந்தாள். அவர் முன்பு எழுதிய பெண்களெல்லாம் கூப்பிடாமலே வரிசையில் வந்து நின்றார்கள். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவள் வரவில்லை. ஆறாம் நாள் காகிதத்தை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, மனுஷன் தன் மேலேயே பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

போட்டோவாவது இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து போட்டோக்காரர் ஒருவர் வந்து சபைக் கோயில் வளவில் கூடாரம் போட்டிருந்தார். சாலோமி நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, "நாமளும் ஒண்ணு எடுத்துக்கிடுவமா?" என்று கேட்டாள். "படம் எழுதுறவன் பெண்டாட்டி மிஷினுக்கு முன்னால போயி நிக்கதா? நானே எழுதுதேன். இந்த வேலை முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை முடிந்தது. அடுத்த வேலை வந்தது. அவள் பிறகு கேட்கவேயில்லை.

ஆனால் அவள் அவர் எழுதிய படங்களில் இல்லாமல் இல்லை. பெரிய வீட்டு அம்மாக்கள் சித்திரக்காரன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே அதிகம். அதற்குள் முகத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். மற்றதற்கெல்லாம் சாலோமிதான். சேலை மடிப்புக்கு அவள் நிற்பாள், உட்காரும் தோரணைக்கு அவள் உட்காருவாள். கை அவளுடையது, கால் அவளுடையது, தோள் அவளுடையது. அந்தக் கையையும் காலையும் தேடிப் போனால் முகமும் நினைவுக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. பெட்டியைக் கட்டினார்.

முதலில் தச்சநல்லூர். நெல் வியாபாரி காந்திமதிநாத பிள்ளை வீட்டு லட்சுமிக்குக் கால் கொடுத்தவள் சாலோமி. அதற்காக எட்டு நாள் பலகை மேல் வெறுங்காலோடு நின்றாள். சபையில் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். சபைப் போதகரான ஐயர் இவர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தபோது, "கால் மட்டுந்தானய்யா அங்கன போவுது, நான் இங்கனதான இருக்கேன்" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்து அனுப்பினாள்.

"வாரும்வே, வாரும்" என்று வரவேற்றார் பிள்ளை.

"அண்ணாச்சி, லட்சுமி காலை ஒரு தடவை பாத்துக்கிடணும்."

பூஜை அறை வாசலில் நின்று பார்த்தார். பதினோரு வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அந்தக் கால்களின் மேல் அடையாக அப்பியிருந்தன. கொஞ்சம் வழித்துப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தார். பிள்ளையின் மனைவி அந்நேரம் பார்த்து விளக்கை வைத்துவிட்டு அந்தக் காலில் நெற்றி பட விழுந்து எழுந்தாள். அவர் கேட்கவில்லை. சந்தனத்துக்கு வெளியே சுண்டுவிரல் ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தது, மற்ற விரல்களோடு ஒட்டாமல் சற்று விலகி. அதைக் குறித்துக்கொண்டார்.

அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ரயில் ஏறினார். வண்டி ஆற்றை ஒட்டிப் போகும்போது, இந்தப் பச்சையை எழுத வேண்டும் என்று முன்பெல்லாம் கை துறுதுறுக்கும். இந்தத் தடவை தாமிரபரணி அது பாட்டுக்குப் போயிற்று, அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பண்ணையார் வன்னியராஜின் முதல் மனைவி படத்தில் சாலோமியின் தோளும் மடியும் இருந்தன. பண்ணையார் இப்போது இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். படம் நெல் அறைக்குப் போயிருந்தது. அடியிலிருந்து கரையான் அரித்து ஏறி, கழுத்துக்குக் கீழே படத்துணியே இல்லை. செத்துப்போன பண்ணையாரம்மாவின் முகம் மட்டும் அலுங்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஞானசிகாமணிக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே இடம். தெற்கே ராதாபுரம் தாண்டி, கூடங்குளமும் தாண்டிக் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். கொழும்பில் வியாபாரம் செய்த ஜோசப் என்பவர் தன் அக்காள் மார்கரெட்டுக்காக வியாகுல மாதா படம் எழுதச் சொல்லியிருந்தார். சிலுவையடியில் நிற்கிற மாதாவுக்கு முகம் ஏதோ சீமை அச்சுப்படத்தைப் பார்த்து எழுதியது. மார்போடு கோத்த கைகள் சாலோமியுடையவை. அவர் எழுதியதிலேயே ஆகச் சிறந்த கைகள் அவை. மாட்டு வண்டி பனங்காட்டு வழியே மூன்று நாள் ஊர்ந்தது. வழியில் தேரிக்காட்டில் மாடு அவிழ்த்துவிட்டபோது அந்தச் செம்மண்ணைக் கண்டார். சாலோமி போட்டோவுக்காகக் கட்டிக்கொண்ட சேலையின் நிறம் அதேதான். சேலை நினைவுக்கு வந்தது, அதைக் கட்டியிருந்தவளின் முகம் வரவில்லை. துண்டில் ஒரு முடிச்சு மண்ணைக் கட்டிக்கொண்டார்.

மார்கரெட் அறுபது வயசுக் கைம்பெண். படம் அவள் வீட்டுக் கூடத்தில் உயரமாக மாட்டியிருந்தது. ஞானசிகாமணி அண்ணாந்து பார்த்தார். முகம் இருந்தது. சிலுவை இருந்தது. கைகள் இருந்த இடத்தில் சாயமெல்லாம் தேய்ந்து, கித்தான் துணியின் நூல் தெரிந்தது.

"யாரு இப்படிச் செஞ்சது?" என்று கேட்டார்.

"நாங்கதான்யா" என்றாள் மார்கரெட். "கடலுக்குப் போனவன் திரும்பலன்னா, அந்த வீட்டுப் பொம்பளையளு இங்கன வந்துதான் அழுவாளுவ. முகம் எட்டாது. கைதான் எட்டும். உதட்ட வச்சு முத்தி முத்தித் தேஞ்சு போச்சு. கோவிச்சுக்கிடாதிய."

ஞானசிகாமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த புராட்டஸ்டண்டு. துணியையும் சாயத்தையும் முத்துகிற கூட்டம் என்று கத்தோலிக்க வேதக்காரர்களை எத்தனையோ தடவை கேலி பேசியிருக்கிறார். அதைக் கேட்டு சாலோமி சிரித்ததுமில்லை, மறுத்ததுமில்லை.

"அது என் வீட்டுக்காரி கை" என்றார். "போன வருஷம் செத்துப்போனா."

மார்கரெட் ஒரு முக்காலியை இழுத்துப் படத்துக்கு அடியில் போட்டாள். "அப்போ நீங்களும் தொட்டுக்கிடுங்கய்யா. பைய ஏறுங்க."

ஏறினார். தேய்ந்த இடத்துக்கு முன்னால் அவர் முகம் இருந்தது. குனிந்தால் போதும். பதினைந்து வயசில் ஞாயிறு பள்ளியில் படித்த, உருவத்தை வணங்காதே என்ற கட்டளை குறுக்கே நின்றது. இறங்கிவிட்டார். மூன்று நாள் திரும்பு வழியெல்லாம் அந்த முக்காலியே அவர் மனசை அரித்தது.

பாளையங்கோட்டை வந்து சேர்ந்தபோது கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகைதான் அவர் வேலை செய்யும் இடம். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, கீழே சாயம் அரைக்கிற கல். தேரி மண்ணைச் சலித்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைக்க உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் குழவியை அவர் தொட்டதேயில்லை, அது சாலோமியின் வேலை. அரை நாளில் தோள் கழன்று விழும் போல வலித்தது. மறுநாள் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. அவள் கையில் அந்த இடத்தில் காய்ப்புக் காய்த்திருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. மாதாவுக்கு எழுதும்போது அந்தக் காய்ப்பை அவர்தான் மழித்து மெழுகாக்கினார்.

இந்தத் தடவை கையை முதலில் எழுதினார், காய்ப்போடு. பிறகு விலகிய சுண்டுவிரலோடு கால், செம்மண் சேலை, தோள் என்று ஒவ்வொன்றாக வந்தது. கழுத்துக்கு மேலே துணி வெள்ளையாகக் கிடந்தது. மூன்று நாள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்த பியூலா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மாவ நிக்க வச்சு எழுதுவியள்ளாப்பா, அப்ப எல்லாம் அம்மா சன்னலப் பாத்துக்கிட்டேதான் நிப்பாவ. ஏம்பா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ஏன் என்று அவருக்குத் தெரியும். நின்றுகொண்டிருக்கும்போது சாலோமி அவரைப் பார்ப்பாள். பார்த்தால் பேச்சு வரும், பேசினால் சிரிப்பு வரும், சிரித்தால் தோள் அசையும், அவருக்குக் கோடு பிசகும். "முகத்த அங்கன திருப்பிக்கோ" என்பார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் திருப்பிக்கொள்வாள். பத்தொன்பது வருஷம் அவர் பார்த்ததெல்லாம் காதும், காதோரத்து முடியும், கன்னத்தின் ஓரமும்தான். அவற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். பியூலா போன பிறகு ஞானசிகாமணி தனியாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு தூரிகையை எடுத்தார்.

கூட்டத்தன்று சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. உபதேசியார் ஞானையா ஜெபம் பண்ணினார், இரண்டு கீர்த்தனை பாடினார்கள். படத்துக்கு முன்னால் தொங்கிய துணியை பியூலா எடுத்தாள்.

செம்மண் நிறச் சேலையில் சாலோமி நின்றிருந்தாள். முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெரிய மனுஷர் தொண்டையைக் கனைத்தார். உபதேசியாருக்குத்தான் கேட்க மனசு வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அம்மா முகந்தான் தெரியலியே ஐயா? ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்காவ?"

"நான்தான் திருப்பிக்கிடச் சொன்னேன்" என்றார் ஞானசிகாமணி.

சொல்லிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து அந்தக் கையில் உதட்டை வைத்தார். ஞானையா உபதேசியார் வேதபுத்தகத்தை மூடிக்கொண்டு கீழே பார்த்தார். எண்ணெய்ச் சாயம் இன்னும் காயவில்லை, நிமிர்ந்தபோது அது அவர் உதட்டில் ஒட்டியிருந்தது.

படத்தின் கையில் சாயம் பெயர்ந்த அந்த இடத்தை அவர் பிறகு சரிசெய்யவே இல்லை.